மீன் சட்டியும் ஐந்து கட்டமும்

வெர்லீனுக்கு மீன் பொரிக்கக் கடிகாரம் வேண்டாம். கெளுத்தித் துண்டுகளைச் சோளமாவில் புரட்டி எண்ணெயில் போடுவாள். போட்டதும் எண்ணெய் பெரிய கூச்சல் போடும். அந்தக் கூச்சல் தணிந்து முணுமுணுப்பாகும்போது திருப்பிப் போடுவாள். அவ்வளவுதான் கணக்கு. மிசிசிப்பி டெல்டாவில் அவள் மீனைக் குறை சொன்னவன் இன்னும் பிறக்கவில்லை.

மீனுக்குக் குறையில்லை, குறையெல்லாம் அவளுக்குத்தான். தம்பி கிளியோட்டிஸ் நடத்தும் பாட்டுக் கொட்டகையில் சமையலறைக்கும் மேடைக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர். அதில் தட்டு நீட்ட ஒரு சின்ன ஜன்னல். தம்பி பாடுவது கேட்கும், ஜனங்கள் சிரிப்பது கேட்கும், ஆனால் வருடக்கணக்காக அவள் கண்ணால் கண்டதெல்லாம் தட்டுக்காக நீளும் கைகள்தான். ஒருநாள், ஒரே ஒருநாள், சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அந்த முகங்களைப் பார்க்க வேண்டும். அதுவும் கையில் கிதாரோடு. இந்த ஆசையை அவள் வெளியே சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள் என்று தெரியும்.

சொல்லவில்லையே தவிர, சும்மாவும் இருக்கவில்லை. வார நாட்களில் அவள் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மறுபடி ஏற்றும்வரை பஸ்ஸும் அவளும்தான். பருத்தி ஆலைக்குப் பின்னால், பெக்கான் மரத்தடியில் வண்டியை நிறுத்துவாள். சர்ச் ஏலத்தில் எடுத்த சிவப்புக் கிதாரைக் கடைசி இருக்கைக்கு அடியிலிருந்து எடுப்பாள். போனைக் கண்ணாடியில் சாய்த்து வைப்பாள்.

போனில் ஒரு பயிற்சிப் பக்கம். அதை அவளே தேடிக் கண்டுபிடித்தாள். அதில் கிதாரின் கழுத்து படமாகப் படுத்திருக்கும். ஆறு கம்பி, கம்பிகளின் மேல் புள்ளிகள். எந்தப் புள்ளி மின்னுகிறதோ அங்கே விரலை வைத்து மீட்ட வேண்டும். சரியாக வந்தால் பச்சை, பிசகினால் சிவப்பு. கொட்டகையில் பாடுவதெல்லாம் ப்ளூஸ் என்ற சோகப் பாட்டு; அதன் ஸ்கேல், அதாவது சுரவரிசை, ஆறே சுரம்தான், ஆனால் அந்த ஆறையும் கழுத்தின் அடிமுதல் நுனிவரை பிடிக்க ஐந்து கட்டங்கள். முதல் கட்டம் சாது, யார் போனாலும் உள்ளே விடும். நான்காவது இருக்கிறதே, அது படுத்தி எடுத்துவிட்டது. சுண்டுவிரல் எட்டாது, எட்டினால் மோதிரவிரல் நகர்ந்துவிடும். வெர்லீன் அதைத் திட்டாத திட்டில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே நான்காம் கட்டத்தை விரல்களால் தட்டிக்கொண்டு ஓட்டினாள். பஸ்ஸில் ஏறும் வாண்டுகள், அக்காவுக்குக் கையில் என்ன வியாதி என்று தங்களுக்குள் கேட்டுக்கொண்டன.

ஒரு விஷயம் மட்டும் அவளுக்கு உறுத்தியது. கம்பியைச் சற்றே இழுத்து, சுரத்தைக் கொஞ்சம் அழவைத்தால் போதும், புள்ளி உடனே சிவந்துவிடும். அந்த அழுகைதானே ப்ளூஸ் என்று போனிடம் வாதாட முடியுமா? பச்சை பச்சையாகப் பார்த்துப் பழகிய ஆசையில் இழுப்பதையே விட்டுவிட்டாள். இன்னொன்று, கூடவே ஒலிக்கும் பக்கவாத்தியம். டிக் டிக்கென்று எண்ணிக்கொண்டே வந்து, பன்னிரண்டு தாளக்கட்டு முடிந்ததும் மறுபடி முதலுக்குப் போய்விடும். ஒரு நாளும் ஒரு மயிரிழை முன்பின் ஆனதில்லை. பருத்தி வெடிக்கும் காலம் வந்தபோது ஐந்து கட்டங்களும் அவள் விரலுக்கு வந்திருந்தன. சந்தோஷம் தாங்காமல் காலி பஸ்ஸின் ஹாரனை ஒருமுறை அடித்தாள்.

அந்தச் சமயம் பார்த்துக் கொட்டகையின் கிதார்காரன் பர்விஸ் ஒரு பெண் பின்னால் மெம்ஃபிஸுக்குப் போய்விட்டான். கிளியோட்டிஸ் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். இதை விட்டால் வேளை வாய்க்காது என்று வெர்லீன் கையைத் துடைத்துக்கொண்டு போய்த் தம்பி முன்னால் நின்றாள். விஷயத்தைச் சொன்னாள்.

கிளியோட்டிஸ் கண்ணில் நீர் வரச் சிரித்தான். "அக்கா, போன்ல ஆர்டர் பண்ணா பீட்சா வரும். ப்ளூஸ் எப்படிக்கா வரும்?"

"வந்துருக்குடா. கேட்டுட்டு அப்புறம் சிரி."

"சரி. ஞாயித்துக்கிழமை ஒரே ஒரு பாட்டு. நடுவுல பாட்டு நின்னுச்சுன்னா கிரீன்வில்லுல இருக்கிற கிதார்காரனைக் கூப்பிட்டுக்குவேன். அப்புறம் இந்தப் பேச்சை நீ எடுக்கவே கூடாது."

"நிக்காட்டி?"

"நிக்காட்டி பர்விஸ் நாற்காலி உனக்கு. நான் போய் மீன் பொரிக்கிறேன்."

வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டான். மூலையில் டிரம்ஸைத் துடைத்துக்கொண்டிருந்த சீஃபஸ் இதைக் கேட்டுக்கொண்டிருந்தான் என்பதை அவன் கவனிக்கவில்லை. சீஃபஸ் இவர்களுக்குச் சித்தப்பா மகன், வாயில் ஒரு சொல் தங்காது. ஊர் முழுக்க விஷயம் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஞாயிறு மாலை சர்ச் முடிந்த கையோடு ஜனம் தொப்பியும் சட்டையுமாகக் கொட்டகைக்குள் நெருக்கியடித்தது. முன் மேசையில் ஹேட்டி அம்மா. சர்ச் பாடகர் குழுவின் முதல் குரல், ஊதா இறகு வைத்த பெரிய தொப்பி. தொப்பி அசைந்தால் பாட்டு நன்றாக இருக்கிறது, அசையாவிட்டால் எழுந்து போகலாம் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். சமையலறையில் அடுப்பு அணைந்து கிடந்தது. பசியோடு வந்தவர்கள் ஜன்னலைப் பார்ப்பதும் மேடையைப் பார்ப்பதுமாக இருந்தார்கள்.

வெர்லீன் நாற்காலியில் உட்கார்ந்தாள். அத்தனை முகமும் அவளையே பார்த்தன. இதற்குத்தானே ஆசைப்பட்டாள்? ஆனால் இப்போது பயம் பிடித்துக்கொண்டது. மனசுக்குள் போனின் டிக் டிக் தானாகவே ஓட ஆரம்பித்தது. அவளும் அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

அங்கேதான் பிசகு. கிளியோட்டிஸுக்கு எண்ணத் தெரியாது, தெரிந்தாலும் எண்ண மாட்டான். டெல்டாப் பாட்டுக்காரர்கள் எல்லாருமே அப்படித்தான். சொல் முடிந்தால் பாட்டு அடுத்த சுரக்கூட்டுக்கு இடம் மாறும், மூச்சு இருந்தால் நீளும். மேசையில் தெரிந்த முகம் ஏதாவது இருந்தால் இன்னும் கொஞ்சம் நீளும். ஒரு சுற்று பதினொன்றில் முடியும், அடுத்தது பதினாலுக்கு இழுக்கும். பர்விஸ் இதற்காகவே தினமும் அவனைச் சபிப்பான். சுவருக்குப் பின்னாலிருந்து இத்தனை வருடம் கேட்ட வெர்லீனுக்கு இது தெரியாததா? தெரியும். பயத்தில் மறந்துபோயிற்று.

கிளியோட்டிஸ் கண்ணை மூடிப் பாடினான். "பாலத்தை வெள்ளம் கொண்டு போச்சு, என் வீடு அக்கரையில..." என்று முதல் வரியை இழுத்து, 'அக்கரையில' என்ற இடத்தில் அப்படியே நின்றான். வெர்லீனின் எண்ணிக்கை நிற்கவில்லை. அவள் அடுத்த இடத்துக்குப் போய்விட்டாள். கிதார் ஒரு திசை, குரல் ஒரு திசை. சீஃபஸ் யார் பின்னால் போவதென்று தெரியாமல் குச்சியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டான். பாட்டு நின்றுவிட்டது.

"எங்கக்கா ஓடுற? பஸ் கிளம்பிடுச்சா?" என்றான் கிளியோட்டிஸ். கொட்டகையே கொல்லென்று சிரித்தது.

வெர்லீனுக்குக் காது சுட்டது. எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்துவிடலாம் போலிருந்தது. அப்படிப் போனால் அந்தச் சுவர் இனி எந்நாளும் சுவர்தான். பின்னாலிருந்து யாரோ, சரி, மீனாவது வரட்டும் என்று முனகுவதும் கேட்டது. மீன் என்ற சொல் காதில் விழுந்ததும் அவளுக்குச் சுருக்கென்றது. எண்ணெய்ச் சத்தத்தைக் கேட்கிறவளுக்கு எதற்கு டிக் டிக்?

"இன்னொரு தடவை," என்றாள்.

"பேச்சு பேச்சா இருக்கணும்கா. ஒரு பாட்டுன்னுதானே சொன்னேன்?"

ஊதாத் தொப்பி திரும்பியது. "ஒரு பாட்டுன்னியே, அது எங்கப்பா முடிஞ்சுது?" என்றார் ஹேட்டி அம்மா. "பாதியில விட்ட பாட்டை நான் கணக்குல எடுக்கிறதில்ல. முதல்லேருந்து பாடு."

ஹேட்டி அம்மாவுக்கு எதிர்ப்பேச்சு பேச அந்த ஊரில் ஆளில்லை. கிளியோட்டிஸ் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

அப்போது வெர்லீன் ஒரு காரியம் செய்தாள். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பலகைச் சுவரை ஒட்டிப் போட்டாள். ஜனங்களுக்கும் தம்பிக்கும் முதுகைக் காட்டி, சமையலறை ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தாள். அணைந்த அடுப்பும் எண்ணெய்ச் சட்டியும் கண் முன்னால். தம்பியின் குரல் முதுகுக்குப் பின்னால், எப்போதும் கேட்டது போலவே. கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. சீஃபஸ் வாயைப் பிளந்துகொண்டிருந்தான்.

"பாலத்தை வெள்ளம் கொண்டு போச்சு..."

வெர்லீன் எண்ணவில்லை. கேட்டாள். வரி முடியும் இடத்தில் தம்பி மூக்கால் ஒரு மூச்சு இழுப்பான். அது வந்தால் இடம் மாறப் போகிறான், வராவிட்டால் இன்னும் நிற்கப் போகிறான். இது பர்விஸுக்குத் தெரியாது, சீஃபஸுக்குத் தெரியாது, கிளியோட்டிஸுக்கே தெரியாது. மூச்சு வந்தது. இருவரும் ஒன்றாக இடம் மாறினார்கள். குரல் ஓய்ந்த இடைவெளியில் அவள் விரல்கள் முதல் கட்டத்திலிருந்து ஒரு சின்னப் பதில் சொன்னன. 'ஆமாப்பா' என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

கிளியோட்டிஸ் லேசுப்பட்டவன் இல்லை. அக்காவைக் கவிழ்க்க வேண்டுமென்றே அடுத்த சுற்றில் 'அக்கரையில' என்ற சொல்லைப் பிடித்து இழுத்தான், இழுத்தான், இழுத்துக்கொண்டே இருந்தான். வெர்லீன் அசையவில்லை. ஒரே ஒரு சுரத்தைப் பிடித்து, கம்பியை இழுத்து அழவைத்துக்கொண்டு காத்திருந்தாள். போனில் அது சிவப்பாகத்தான் எரிந்திருக்கும். எரிந்துவிட்டுப் போகட்டும். ஊதாத் தொப்பி மெல்ல அசைய ஆரம்பித்தது. கடைசியில் மூச்சு தீர்ந்தது அவனுக்குத்தான்.

"வாசிக்கா," என்று அவன் வாயிலிருந்து தானாக வந்தது. தனி ஆவர்த்தனம் அவளுக்கு.

வெர்லீன் எழுந்தாள், திரும்பினாள். அத்தனை முகங்கள்! கூட வண்டி ஓட்டுகிற பெர்னிஸ் கையைத் தூக்கி ஆடுகிறாள், முடி வெட்டுகிற ஐசம் மேசையில் தாளம் போடுகிறார். இத்தனை வருடம் அந்த ஜன்னலில் வெறும் கைகளாகவே தெரிந்தவர்கள் எல்லாருக்கும் பல்லும் கண்ணும் சிரிப்பும் இருந்தன. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. விரல்கள் இரண்டாம் கட்டம், மூன்று என்று ஏறி, பாழாய்ப்போன நான்காவதில் புகுந்து, சுண்டுவிரல் எட்டவேண்டிய இடத்தில் எட்டி, ஐந்தில் போய் நின்று கூவின. பஸ்ஸில் கழித்த பகல்களில் ஒன்றுகூட வீண்போகவில்லை.

சுற்று முடியும் இடம் வந்தது. கிளியோட்டிஸ் ஒலிவாங்கி முன்னால் வந்து வாயைத் திறந்து, "பாலத்தை..." என்று ஆரம்பித்தான். வெர்லீன் முடிக்கவில்லை. இழுத்துப் பிடித்த சுரத்தை விடாமல், தம்பியின் முகத்தைப் பார்த்து, புருவத்தைத் தூக்கினாள். பிறந்ததிலிருந்து யாருக்கும் காத்திராதவன் வாயைத் திறந்தபடியே நின்றான். ஜனம் எழுந்து நின்று கத்தியது. ஹேட்டி அம்மா தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். வெர்லீன் ஆசை தீரும்வரை வாசித்துவிட்டு, தலையை ஆட்டி, இப்போது வா என்றாள். அவன் வந்தான். பாட்டு நிற்காமல் முடிந்தது.

கைதட்டல் ஓய்ந்ததும் ஐசம் முதலில் ஆரம்பித்தார். "மீனு?" என்றார். எல்லாரும் மீன் மீன் என்றார்கள். வெர்லீன் கிதாரை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். சீஃபஸ் டிரம்ஸில் ஒரு முத்தாய்ப்பு வைத்தான். கிளியோட்டிஸ் அக்காவைப் பார்த்தான், சீஃபஸைப் பார்த்தான், ஊதாத் தொப்பியைப் பார்த்தான். பிறகு பட்டுச் சட்டையின் மேலேயே ஏப்ரனைக் கட்டிக்கொண்டு சமையலறைக்குள் போனான்.

சட்டியில் மீன் விழுந்ததும் எண்ணெய் கூச்சல் போட்டது. ஜன்னலில் தம்பியின் வியர்த்த முகம் எட்டிப் பார்த்தது.

"அக்கா, எத்தனை நிமிஷத்துல திருப்பணும்?"

"எண்ணாதடா," என்றாள் வெர்லீன். "கேளு."