படம் நீக்கப்பட்டது

டாக்டரம்மாவுக்கு அத்தான் மேல் சந்தேகம் வந்தது நேற்று இன்று அல்ல. அக்கா அவரை முதன்முதலாக வீட்டுக்குக் கூட்டிவந்த அன்றே, எல்லாரும் பேசுவதைக் கேட்டுக்கொண்டு தான் மட்டும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து, இந்த ஆள் சரியான அழுத்தம் என்று முடிவு கட்டிவிட்டாள். அவரும் இவளைப் போலவே கால்நடை மருத்துவர். ஒரே தொழிலில் இருவர், அதுவும் ஒரே குடும்பத்தில். சந்தேகத்துக்குத் தீனிக்கா பஞ்சம்?

இதில் அந்த மின்னஞ்சல் குழு வேறு சேர்ந்துகொண்டது. எங்கெங்கோ இருக்கும் மாட்டு டாக்டர்களும் நாய் டாக்டர்களும் பிடிபடாத நோய்களைப் பற்றி ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வதற்காக அத்தான் தொடங்கிய குழு. யாராவது ஒருவர் மெயில் போட்டால் எல்லாருக்கும் போகும். ஆனால் கனமான படத்தை இணைத்து அனுப்பினால் நேரே போகாது. குழுவை மேய்க்கும் அத்தானின் வாசலில் நிற்கும். அவர் பார்த்துத் திறந்துவிட்டால்தான் உள்ளே போகும்.

டாக்டரம்மாவின் மெயில்கள் அந்த வாசலில் நின்றே காய்ந்தன. காலையில் அனுப்பினால் சாயங்காலம் வரும். வரும்போது எக்ஸ்ரே இருக்காது. அது இருந்த இடத்தில் ‘படம் நீக்கப்பட்டது’ என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். மேற்கொண்டு ஒரு எழுத்துக்கூடப் படிக்காமல் மூடிவிடுவாள். அடுத்து வரும் முதல் பதில் யாருடையது என்று சொல்லவே வேண்டாம். முந்திரிக்கொட்டை மாதிரி அத்தான்தான் நிற்பார்.

“படத்தை எடுத்து வச்சுக்கிட்டு, ஆற அமரப் பாத்து, பதிலையும் தயார் பண்ணிட்டு, அப்புறம்தான் என் மெயிலையே வெளிய விடறாரு” என்றாள் கம்பவுண்டரிடம்.

“இருக்கும் மேடம்” என்றார் அவர். யார் எதைச் சொன்னாலும் அப்படித்தான் சொல்வார். ஊசி போட வந்த ஆட்டிடம்கூட அவர் ஒத்துப்போகிறவர்.

ஆழம் பார்ப்பதற்காக ஒருமுறை படமே இல்லாமல் வெறும் கேள்வியை மட்டும் அனுப்பினாள். அடுத்த நிமிஷமே எல்லாருக்கும் போய்ச் சேர்ந்தது. வேறு யாராக இருந்தாலும் படத்தின் கனம்தான் தகராறு என்று புரிந்துகொண்டிருப்பார்கள். டாக்டரம்மா, அவருடைய கண்ணெல்லாம் தன் படங்கள் மேல்தான் என்று புரிந்துகொண்டாள்.

அப்படியிருக்கும்போதுதான் பட்டன் வந்தது. எதிர்ச் சந்தில் தைக்கும் தையல்காரம்மாவின் நாய். அந்த அம்மாவுக்கு வேறு யாரும் கிடையாது. அவர் மிஷின் மிதிக்க, காலடியில் அது தூங்கும். முன்னங்காலில் மணிக்கட்டுக்கு மேலே வீங்கி, ஒரு மாதமாக நொண்டுகிறது என்று தூக்கிக்கொண்டு வந்தார். எக்ஸ்ரேயில் எலும்பு அரித்துப்போய்ப் புகை மூட்டமாகத் தெரிந்தது. எலும்புப் புற்றாக இருந்தால் காலையே எடுத்தாக வேண்டும், அதுவும் சீக்கிரம். இல்லை, வெறும் சீழ் என்றால் மருந்திலேயே ஆறிவிடும். டாக்டரம்மாவுக்கு எது என்று அடித்துச் சொல்ல முடியவில்லை.

“காலு போனா போகுது, உசிரு நிக்கட்டும்” என்றார் தையல்காரம்மா. “ஆனா நாலு பேர நல்லாக் கேட்டுட்டுச் செய்ங்க டாக்டரம்மா. வெட்டினத ஒட்டுப் போட முடியாது. எனக்குத் தெரியும், நான் துணி வெட்டறவ.”

நாலு பேரைக் கேட்க வேண்டுமென்றால் குழுவுக்குத்தான் போக வேண்டும். குழுவுக்குப் போனால் வாசலில் அத்தான். இந்த முறை அவர் கண்ணில் மண்ணைத் தூவுவது என்று தீர்மானித்தாள். எக்ஸ்ரே படத்தைக் கணினியில் திறந்து, சுருக்கு சுருக்கென்று சுருக்கி, அது கையளவுக்கு வந்ததும் அனுப்பினாள். வாசலில் நிற்காமல் சல்லென்று போய்விட்டது. ‘படம் நீக்கப்பட்டது’ என்ற வரி இல்லாமல், படத்தோடு வந்த தன் மெயிலைப் பார்த்து அவளுக்கு ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. கம்பவுண்டரைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

பதில்கள் மளமளவென்று வந்தன. எல்லாம் ஒரே பாட்டு. புற்றுதான், தாமதிக்காதீர்கள், காலை எடுத்துவிடுங்கள். அத்தானிடமிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை. வாயடைத்துப் போய்விட்டார் என்று முதலில் நினைத்தாள். பிறகு, அப்படிச் சும்மா இருக்கிற ஆள் இல்லையே, உள்ளுக்குள் என்னவோ திட்டம் போடுகிறார் என்று நினைத்தாள். தையல்காரம்மாவுக்குச் சொல்லி அனுப்பி, மறுநாள் காலை ஆபரேஷன் என்று ஏற்பாடும் செய்துவிட்டாள்.

சாயங்காலம் அக்காவின் நம்பரிலிருந்து போன் வந்தது. எடுத்தால் அத்தான் குரல்.

“என் போன நீ எடுக்கமாட்ட. அதான் இதுல பண்றேன்.”

“சொல்லுங்க அத்தான்.”

“அந்த நாய்க்கால் படத்த ரொம்பச் சுருக்கிட்டியேம்மா. எலும்போட ஓரமெல்லாம் கூழாப் போயிருக்கு. அத வச்சு யாரும் ஒண்ணும் சொல்லக்கூடாது.”

“எல்லாரும் சொல்லிட்டாங்களே.”

“சொல்லுவாங்க. முழுப் படம் உங்கிட்ட இருக்குல்ல?”

வந்துவிட்டார் வழிக்கு, என்று நினைத்துக்கொண்டாள். “இருக்கு. ஆனா உங்களுக்கு அனுப்பறதா இல்ல.”

“எனக்கு எதுக்கு? நீயே பெரிசாக்கிப் பாரு. ஓரத்தையும் சுத்தியிருக்கற சதையையும் பாரு. பாத்துட்டு வெட்டணும்னா வெட்டு” என்றார்.

படத்தைக் கேட்கவில்லை என்றால் இந்த மனுஷருக்கு இதில் என்ன லாபம்? வருஷக்கணக்காகக் கட்டிவைத்த சந்தேகத்துக்கு முட்டுக்கொடுக்க அவசரமாக ஏதாவது தேடினாள்.

“அப்ப ஏன் எப்பவும் என் படத்தப் பிடுங்கிடறீங்க?”

“பிடுங்கறேனா? நம்ம குழுவுல பாதிப் பேரு சிக்னலே இல்லாத இடத்துல இருக்காங்க. உன் ஒரு படம் போனா அவங்க பெட்டி ரொம்பிடும், அப்புறம் வேற மெயிலே வராது. அதனால படத்தத் தனியா ஒரு இடத்துல முழுசா ஏத்தி வச்சிட்டு, கீழ லிங்க் போடறேன். வேணுங்கறவங்க அழுத்திப் பாக்கறாங்க. ஏத்தறதுக்காகத் தெறக்கறப்ப கண்ணுல படுது. தெரிஞ்சத எழுதறேன். நீ அந்த லிங்கப் பாத்ததே இல்லையா?”

“பாத்திருக்கேன்” என்று பொய் சொல்லி வைத்துவிட்டாள்.

உடனே பழைய மெயில் ஒன்றைத் திறந்தாள். ‘படம் நீக்கப்பட்டது’ என்ற வரிக்கு நேர் கீழே, ‘முழு அளவில் பார்க்க இங்கே அழுத்தவும்’ என்று இருந்தது. இன்னொன்றைத் திறந்தாள். அதிலும் இருந்தது. தன்னைப் பற்றி அவளுக்கு அப்போது வந்த எண்ணம் அவ்வளவு மரியாதையானது அல்ல.

பட்டனின் முழுப் படத்தைத் திறந்து பெரிதாக்கினாள். எலும்பின் ஓரம் புற்று தின்ற ஓரமாகத் தெரியவில்லை. பக்கத்தில் சதைக்குள் பளிச்சென்று ஒரு வெள்ளைப் புள்ளி. அதை அவள் முதல் நாளே பார்த்திருக்கிறாள். ஆஸ்பத்திரி எக்ஸ்ரே தட்டில் தூசி விழுவது வழக்கம், அதுதான் என்று விட்டுவிட்டாள். குழுவுக்கு அனுப்பிய குட்டிப் படத்தில் அந்தப் புள்ளி இருந்த சுவடே இல்லை. அத்தான் கையில் சிக்கக்கூடாது என்று சுருக்கினாளே, அதோடு அதுவும் சுருங்கிப் போயிருந்தது. நாளைக்குக் காலையில் ஒரு நல்ல காலை வெட்டி வாளியில் போட்டிருப்பாள்.

காலையில் தையல்காரம்மா பட்டனோடு வந்தார். கையில் ஒரு சின்னச் சட்டை. வெட்டின இடத்தை நாய் நக்கிவிடாமல் இருக்க, மிச்சத் துணியில் அவரே தைத்தது. மூன்று கால் நுழையத் துளை விட்டு, நான்காவது இடத்தை இழுத்து மூடித் தைத்திருந்தார். டாக்டரம்மாவால் அதைப் பார்க்க முடியவில்லை.

“இன்னொரு படம் எடுத்துடலாம்மா” என்றாள்.

தட்டைத் துடைத்து, இந்த முறை பக்கவாட்டில் வைத்து எடுத்தாள். தூசி என்றால் போயிருக்க வேண்டும். போகவில்லை. நேராகப் பார்த்தபோது புள்ளியாக இருந்தது, பக்கத்திலிருந்து பார்க்கும்போது கோடாக இருந்தது. ஒரு முனை கூர்மை.

“ஊசி முனை மாதிரி இருக்கே மேடம்” என்றார் கம்பவுண்டர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவராக ஒன்றைச் சொன்னது அன்றுதான்.

“கால எடுக்க வேணாம்மா” என்றாள் டாக்டரம்மா. “ஒடஞ்ச ஊசி உள்ள போய் சீழ் வச்சிருக்கு. அத எடுத்துட்டா ஆறிடும்.”

தையல்காரம்மா சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அந்த அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஊசியா? என் வீட்டு ஊசியா? ஊசி ஒடஞ்சா முழுத் துண்டும் கெடைக்கற வரைக்கும் நான் மிஷின விட்டு எழுந்திரிக்கறதே இல்ல.”

“தெரியாம ஒண்ணு விழுந்திருக்கும்.”

“நேத்து அத்தன டாக்டரும் புத்துன்னாங்கன்னு சொல்லி அனுப்பினீங்க. இன்னிக்கு ஊசிங்கறீங்க. நாளைக்கு என்ன சொல்வீங்க?” என்றபடி பட்டனின் கயிற்றை இழுத்துக்கொண்டார். “தப்பா நெனைக்காதீங்க. நான் வேற யார்கிட்டயாவது காட்டிட்டு வரேன்.”

டாக்டரம்மாவுக்குச் சுருக்கென்றது. தன்னை ஒருவர் அப்படிப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று அவள் அதுவரை யோசித்ததே இல்லை. இரண்டு படத்தையும் முழு அளவில் எடுத்து உறையில் போட்டாள். உறையின் மேல் ஒரு விலாசம் எழுதினாள்.

“பஸ்ல ஒரு மணி நேரம். இவர்கிட்ட காட்டுங்க. நான் எதுவும் சொல்லல, அவரே பாத்துச் சொல்லட்டும்.”

“யாரு இவரு?”

“எங்க அக்கா வீட்டுக்காரர்.”

தையல்காரம்மா உறையைத் திரும்ப மேஜையில் வைத்தார். “சொந்தக்காரரா? அப்ப நீங்க சொன்னதையேதான் அவரும் சொல்லுவாரு.”

“அவரா?” என்றாள் டாக்டரம்மா. “அந்தக் கவலையே உங்களுக்கு வேணாம்மா. நான் சொன்னத அவர் ஒரு நாளும் அப்படியே நம்பினதில்ல. நேத்துகூட நம்பல. அதனாலதான் இதுக்கு இன்னும் நாலு கால் இருக்கு.”

அந்த அம்மா உறையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். சட்டையை மடித்துப் பையில் வைத்தார்.

“அவரும் வேணாம்னு சொல்லட்டும். அப்புறம் பிரிக்கிறேன் இந்த நாலாவது கால் தையல” என்று சொல்லிவிட்டு இறங்கினார். நொண்டிக்கொண்டே பின்னால் போனது பட்டன்.