புளிக் கொட்டகையின் முதல் கை

கடத்தூர் சந்தைக்குப் பின்னால் இருந்த கருப்பண்ணனின் கொட்டகையில் பன்னிரண்டு வருஷமாக மிக்கேலம்மாளை மிஞ்சிப் புளி தட்டியவள் கிடையாது. மாசி பிறந்து லோடு லோடாகப் பழம் வந்து இறங்கினால் இருபத்தைந்து பெண்கள் வரிசையாகத் தரையில் உட்காருவார்கள். ஓட்டை உடைத்து, நாரை உருவி, கல்லின்மேல் பழத்தை வைத்துச் சின்னச் சுத்தியால் ஒரு போடு போட்டுக் கொட்டையை எடுக்க வேண்டும். பார்க்கச் சுலபம். நாளெல்லாம் செய்தால் இடுப்பு இடுப்பாக இருக்காது.

எண்பத்து நாலாம் வருஷம் அந்தக் கொட்டகைக்குக் காவேரி வந்தாள். நல்லம்பள்ளிப் பக்கத்துச் செங்கல் சூளையில் கல் அறுத்துக்கொண்டிருந்தவள். சூளை மூடிவிட்டதால் புருஷனோடு கடத்தூருக்குப் பிழைக்க வந்திருந்தாள். முப்பது வயசு, ஒல்லி உடம்பு, அதிர்ந்து பேசாத வாய். பின்வாசல் ஓரமாக மூலையில் போய் உட்கார்ந்துகொண்டாள். முதல் வாரம் அவள் கூடையை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாம் வாரம் தராசுக்கார முனியப்பன் அவள் எடையைச் சொல்லிவிட்டு, நம்பாமல் இன்னொரு தடவை படிக்கல்லை எண்ணினான். மூன்றாம் வாரத் திங்கட்கிழமை மிக்கேலம்மாளைவிட அவளுக்கு இரண்டு கிலோ கூட.

"என்னக்கா, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள் கோவிந்தம்மாள். பக்கத்தில் உட்காருகிறவள். வாய் சும்மா இருக்காது.

"பழம் சொத்தைடி. எனக்குன்னு பொறுக்கிப் போட்டுருக்கறான்."

பழம் சொத்தையில்லை. மிக்கேலம்மாளின் வலது மணிக்கட்டு போன வருஷமே போய்விட்டது. ராத்திரியில் நொச்சி இலையைக் கட்டிக்கொண்டு படுப்பாள். காலையில் யார் கண்ணிலும் படாமல் அவிழ்த்து எறிந்துவிட்டு வருவாள். கொட்டகையில் ஒருத்திக்கும் தெரியாது. தெரிந்தால் போச்சு. அந்த வருஷம் மேஸ்திரி வேலை காலியாக இருந்தது. பழைய மேஸ்திரி ராயம்மாள் மகளோடு பெங்களூர் போய்விட்டாள். மேஸ்திரிக்குச் சுத்தியைத் தொடுகிற வேலையில்லை. ஆளைக் கூப்பிடுவது, பழத்தைப் பங்கு போடுவது, தராசடியில் நிற்பது, அவ்வளவுதான். "குருத்தோலை ஞாயித்துக்குள்ள சொல்றேன்" என்றிருந்தார் கருப்பண்ணன். அவளுக்குத்தான் என்று ஊரே பேசியது. அது கிடைத்தால் கை பிழைக்கும். கிடைக்காவிட்டால் இன்னும் ஒரு சீசன் தாங்காது. வேறு வேலை அவளுக்குத் தெரியாது, நிலம் நீச்சும் கிடையாது.

அதனால் அவள் காவேரியைப் பார்க்க ஆரம்பித்தாள். கண் ஓயாமல் பார்த்தாள். குவிந்திருந்த சாக்குகளுக்கு மேலே அவள் தலையும் தோளும்தான் தெரிந்தன. காவேரிக்கு வேர்க்கவில்லை. இருபத்தைந்து பேரும் முதுகு நனைந்து உட்கார்ந்திருக்க, இவள் ரவிக்கை மட்டும் காய்ந்திருந்தது. மத்தியானம் அவசரமில்லாமல் களி தின்றாள். சாயங்காலம் எழும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழவில்லை, ஏதோ கல்யாண வீட்டில் பந்தியிலிருந்து எழுகிறவள் மாதிரி எழுந்தாள். எடை கூடியதைக்கூட மிக்கேலம்மாள் பொறுத்துக்கொண்டிருப்பாள். அவள் அப்படி எழுந்ததைப் பொறுக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை கோயிலில் சிலுவைப்பாதை. மூன்றாம் ஸ்தலத்தில், ஆண்டவர் முதல் முறை கீழே விழுகிற இடத்தில், எல்லோரும் முழங்கால் போட்டார்கள். மிக்கேலம்மாளும் போட்டாள். கண்ணை மூடினால் காவேரியின் கூடை வந்து நின்றது. 'இவ மட்டும் எப்டி?' என்று ஆண்டவரையே கேட்டாள். எழ மறந்துவிட்டாள். பின்னால் இருந்த ரோசம்மா முதுகில் தட்டி எழுப்பினாள்.

மறுநாள் தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் மூலைப் பக்கம் போனாள். காவேரியின் கூடைக்குப் பின்னால் ஒரு மண்சட்டி இருந்தது. சட்டியில் தண்ணீர், தண்ணீரில் ஒரு துணி. காவேரி கையை உள்ளே விட்டு எடுத்தாள். ஈரக்கை திரும்பப் புளிக்குப் போனது.

மிக்கேலம்மாளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. நனைக்கிறாள்! நனைத்தால் பழம் இளகும், கொட்டை சட்டென்று கழன்று வரும், எடையும் ஏறும். போன வருஷம் இதே வேலை பார்த்த ஒருத்தியை அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பியிருந்தார் கருப்பண்ணன். இன்னும் கிட்டப்போய்ப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. பார்த்தால் வேறு ஏதாவது தெரிந்துவிடும் என்று உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. நேரே முதலாளியிடம் போனாள்.

"மொதலாளி, சொல்லக்கூடாதுன்னுதான் பாத்தேனுங்க. உங்க உப்பத் தின்னுட்டுச் சும்மா இருக்க முடியலீங்க. அந்தக் காவேரி பழத்த நனைக்கறாளுங்க."

"பாத்தியா?"

"இந்தக் கண்ணால பாத்தேனுங்க."

கருப்பண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மூலைக்கு வந்தார். சுத்திச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது.

"ஏம்மா, சட்டியில என்ன?"

"தண்ணிங்க."

"தண்ணி எதுக்கு? நனைச்ச புளி பூஞ்சை புடிச்சா மெட்ராஸ்காரன் லோடத் திருப்பிருவான். என் பேரு நாறிப்போயிரும், தெரியுமா?"

காவேரி எழுந்து நின்றாள். "நனைக்கலீங்க. பழத்த எடுத்துப் பாருங்க."

அவர் கூடையின் அடிவரை கையை விட்டு ஒரு பிடி எடுத்துக் கசக்கினார். முகர்ந்தார். காய்ந்த பழம். இன்னொரு பிடி. அதுவும் அப்படியே.

"அப்ப துணி?"

"வெரலு பிசுபிசுன்னு ஒட்டிக்கிட்டா பழத்த வுடாதுங்க. உதறி உதறியே பாதி நேரம் போவுது. அதான் ஈரத்துணியில தொடைச்சிட்டு, மடியில காஞ்ச துணி வெச்சிருக்கறேன், அதுல ஒத்திட்டு அப்பறந்தான் பழத்தத் தொடுவேன். யாருங்க சொன்னது நனைக்கறேன்னு?"

கருப்பண்ணனுக்கு மறைக்கத் தெரியாது. "மிக்கேலம்மா சொன்னா."

கொட்டகை முழுக்கத் திரும்பி மிக்கேலம்மாளைப் பார்த்தது. அவள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். "நனைக்கலைன்னா எப்டிடி வருது அவ்ளோ எடை? மந்திரமா வெச்சிருக்கற? செஞ்சு காட்டு, பாப்பம்."

அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

காவேரி செய்து காட்டினாள். காலையில் வந்ததும் தன் பங்குப் பழத்தைப் பின்வாசல் வெயிலில் சாக்கில் பரப்பிவிடுவாளாம். காய்ந்த பழத்தை அதே சாக்கில் பாதியளவு கட்டி, இப்படியும் அப்படியும் உருட்டி, மேலே நாலு குத்து. அவிழ்த்து முறத்தில் போட்டுப் புடைத்ததும் ஓடு தனியாகப் பறந்தது. "நீங்கல்லாம் ஒரு பழத்த எடுத்து ஓடு ஒடைச்சி, நாரு உருவி, கொட்டை எடுத்து, அப்பறம் அடுத்த பழத்துக்குப் போறீங்க. நான் ஓடுன்னா முச்சூடும் ஓடு. அப்பறம் முச்சூடும் நாரு. கடேசியிலதான் சுத்தியத் தொடுவேன். சூளையில அப்டித்தான் பழக்கம். ஒரு கல்ல ரெண்டுதரம் தொட்டா மேஸ்திரி திட்டுவாரு."

பிறகு தன் இடத்தில் உட்கார்ந்து சேலையை ஒதுக்கிக் காட்டினாள். அவள் தரையில் உட்கார்ந்திருக்கவில்லை. கவிழ்த்துப்போட்ட மண்ணெண்ணெய்த் தகரத்தின்மேல் உட்கார்ந்திருந்தாள். அடிக்கல்லும் ரெண்டு செங்கல்மேல் ஏறியிருந்தது. பழத்தைப் படுக்கப் போடாமல் விளிம்பில் நிறுத்தினாள். கை தானாக விழுந்தது, ஒரே தட்டு. கொட்டை தெறித்து ஓடியது.

"அடிப்பாவி!" என்று கத்தினாள் கோவிந்தம்மாள். "இத்தன வருஷம் நாங்க இடுப்ப ஒடிச்சிக்கிட்டதுக்கு யார்ரா பதில் சொல்றது? முனியப்பா, எனக்கும் ஒரு தகரம் எடுடா. அகலமாப் பாத்து எடு!"

கொட்டகை சிரித்தது. நாலு பேர் செங்கல் தேடிக் கிளம்பினார்கள். கருப்பண்ணன் தானே ஒரு பழத்தை விளிம்பில் நிறுத்தித் தட்டிப் பார்த்தார். கொட்டை அவர் நெற்றியில் பட்டது. அவருக்கும் சிரிப்பு வந்தது.

"குருத்தோலை வரைக்கும் எதுக்கு? இப்பவே சொல்லிர்றேன். காவேரி, திங்கக்கெழமையிலருந்து நீதான் மேஸ்திரி. எல்லாத்துக்கும் இதக் கத்துக்குடு." அப்புறம் மிக்கேலம்மாள் பக்கம் திரும்பினார். "நீ சொல்லலைன்னா எனக்கு இது தெரிஞ்சே இருக்காது."

அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். மிக்கேலம்மாளுக்கு அது செருப்படியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் கையால் அப்பம் வாங்க, நன்மை வாங்க, அவள் எழுந்து போகவில்லை. பொய்ப்பழி சொன்ன வாயோடு போகக்கூடாது என்று அவளுக்கே தெரிந்திருந்தது. திங்கட்கிழமை வேலைக்குப் போகாமலும் இருந்துவிடலாம் என்று நினைத்தாள். உலையில் போட அரிசி இல்லை. போனாள்.

கொட்டகை மாறிப்போயிருந்தது. இருபத்து நாலு பேரும் தகரத்திலும் கட்டையிலும் செங்கல்லிலும் உட்கார்ந்திருந்தார்கள். பின்வாசலில் சாக்குச் சாக்காகப் பழம் காய்ந்துகொண்டிருந்தது. மிக்கேலம்மாள் மட்டும் தன் பழைய இடத்தில் தரையில் உட்கார்ந்து, ஒரு பழம் எடுத்து, ஓடு உடைத்து, நார் உருவி, தட்டினாள். அடுத்த பழம். பத்து மணிக்குச் சுத்தியை இறுக்கிப் பிடிக்க முடியவில்லை.

வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்த காவேரி அவள்முன் நின்றாள். "அக்கா, கை வீங்கியிருக்குதே."

"கொசு கடிச்சது."

"எத்தன நாளா?"

"உனக்கெதுக்குடி? மேஸ்திரின்னா வைத்தியமும் பாப்பியா?"

காவேரி மூலைக்குப் போய்த் தன்னுடைய தகரத்தை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தாள். "நான் இனிமே உட்காரப் போறதில்ல. சும்மாதான கெடக்குது" என்று சொல்லிவிட்டுத் தராசடிக்குப் போனாள்.

இனிமே உட்காரப் போறதில்ல. அந்த வார்த்தையை மிக்கேலம்மாள் ஒவ்வொரு தட்டுக்கும் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். தகரத்தைப் பார்க்காமலே மத்தியானம் வரை தட்டினாள். கண்ணில் தண்ணீர் முட்டியது, வலியினால்தான் என்று வைத்துக்கொண்டாள். சாப்பாட்டுக்கு எல்லோரும் வெளியே போனபிறகு தகரத்தை இழுத்துக் கவிழ்த்து உட்கார்ந்தாள். கல்லுக்கு அடியில் யாரோ விட்டுப்போன செங்கல்லைத் தள்ளினாள். பழத்தை விளிம்பில் நிறுத்தினாள். கை தானாக விழுந்தது.

வலிக்காமல் இல்லை. பாதிதான் வலித்தது. அந்தப் பாதி குறைந்ததே அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

கோவிந்தம்மாள் தண்ணீர்ச் சொம்போடு உள்ளே வந்தாள். "எப்டிக்கா இருக்குது?"

"எது?"

"தகரம்."

"தகரம் தகரமாட்டந்தான் இருக்குது. உன் வேலையப் பாருடி."

வாசலில் காவேரி நின்றிருந்தாள். முனியப்பன் எடை சொல்லச் சொல்லத் தராசுத் தட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கை கழுவிவிட்ட மாதிரி இருந்தது. விரலிடுக்கில்கூட ஒரு துளி புளி இல்லை. மிக்கேலம்மாள் அதையே பார்த்துக்கொண்டு ஐந்தாறு பழம் தட்டினாள். பிறகு முகத்தைத் திருப்பி, காய்ந்த பழம் நிறைந்த சாக்கு ஒன்றைப் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்து, வாயைக் கட்டி, உருட்ட ஆரம்பித்தாள்.