பரிமாறுகிறவனின் வயிறு

பெஞ்சமின் கடைசியாகத் தன் கையால் எடுத்துச் சாப்பிட்டது இரண்டாயிரத்துப் பதிமூன்றாம் வருடம் ஏப்ரல் மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், நாலு இட்லி. அன்று மத்தியானம் மாமல்லபுரத்தில் அவன் சர்வராக இருந்த ‘கடற்காகம்’ ரெஸ்டாரன்ட்டில் சேலத்துக் குடும்பம் ஒன்று நண்டு மசாலாவை ஓடு மட்டும் மிச்சம் வைத்துத் தின்று தீர்த்தது. பக்கத்தில் தண்ணீர் ஜக்கோடு நின்றிருந்த பெஞ்சமினுக்கு ஏப்பம் வந்தது. ஏப்பத்தில் நண்டு வாசனை இருந்தது. அதற்குப் பிறகு அவன் பரிமாறியதை யார் சாப்பிட்டாலும் அது அவன் வயிற்றிலும் சேர்ந்தது. அவனாக எடுத்து வாயில் வைத்த சோறு தொண்டையைத் தாண்டவில்லை. சொந்த ஊரான உத்திரமேரூரில் டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், எடை பார்த்தார், அறுபத்தெட்டு கிலோ, ரத்தம் நன்றாக இருக்கிறது, போய் வா என்றார்.

இதனால் அவன் அந்தக் கடற்கரையிலேயே நல்ல சர்வராக ஆக வேண்டியதாயிற்று. சண்டை போட்டுக்கொண்டே சாப்பிடும் தம்பதிகள் வந்தால் அவனுக்கு நெஞ்சு எரியும். குழந்தை அழுதுகொண்டே விழுங்கினால் இவனுக்கு விக்கல் எடுக்கும். போனைப் பார்த்தபடி சாப்பிடுகிறவர்களின் சாப்பாடு பாதிதான் வந்து சேரும். உப்பில்லாமல் அவித்த மீன் கேட்கும் வெள்ளைக்காரர்கள் டிசம்பர் முழுக்க அவன் நாக்கைச் சாகடித்தார்கள். ஆகவே கோபமாக வருகிறவர்களைக் கடல் தெரியும் நாற்காலியில் உட்கார வைத்தான், பிள்ளைகளுக்கு மீனில் முள் எடுத்துக் கொடுத்தான், வயசானவர்களுக்குக் கேட்காமலே ரசம் கொண்டுவந்தான். பெஞ்சமின் அண்ணன் மேஜையாகப் பார்த்து உட்காருங்கள் என்று வந்து போனவர்கள் இணையத்தில் எழுதினார்கள். கொரோனாவில் கடை மூடியபோது அவன் இளைத்து எலும்பானான். அப்புறம் உத்திரமேரூர் ஏரிக்கரைக் காலனியில், அவன் வீட்டுக்கு நாலாவது தெருவில், சர்ச் வாசலில் தினமும் நூறு பேருக்குச் சாம்பார் சாதம் போட ஆரம்பித்தார்கள். பெஞ்சமின் கரண்டியைப் பிடித்துக்கொண்டு உயிர் பிழைத்தான்.

கஷ்டம் முழுக்க அவன் மனைவி தேவயானிக்குத்தான். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவள். செவ்வாய்க்கிழமை லீவில் வருகிறவனுக்காகக் கோழிக்குழம்பு வைத்து, தட்டில் போட்டு, எதிரே உட்காருவாள். அவன் பிசைவான், ஒரு வாய் வைப்பான், கண் கலங்கும், தட்டை நகர்த்தி விடுவான். இப்படிப் பதினோரு வருடம். வயலில் உடன் வேலை செய்யும் செங்கேணி ஒருநாள் நாற்றுமுடியைக் கையில் வைத்துக்கொண்டே சொல்லிவிட்டாள்.

“அங்க எவளோ ஆக்கிப் போட்டுக்கினு கீறாடி. வயிறு ரொம்பி வர்றவன் வூட்டுல எப்பிடித் துன்னுவான்?”

அடுத்த செவ்வாய்க்கிழமை தேவயானி தட்டை வைத்தாள், எதிரே உட்காரவில்லை. நின்றபடியே கேட்டாள்.

“எங்கெங்கியோ கீறவன் துன்றதெல்லாம் உன் வயித்துல எறங்குது. நான் ஆக்கறது மட்டும் எறங்க மாட்டேங்குது. நான் இன்னாய்யா பாவம் பண்ணேன்?”

பெஞ்சமின் தட்டை மூடி வைத்தான். தலையைக் குனிந்துகொண்டு பஸ் ஏறிப் போய்விட்டான்.

சனிக்கிழமை மத்தியானம், கடை நிறைந்திருந்த நேரத்தில், கிறிஸ்துமஸுக்கு எடுத்த ஊதாப் புடவையைக் கட்டிக்கொண்டு தேவயானி உள்ளே வந்தாள். செங்கல்பட்டில் பஸ் மாறி விசாரித்து விசாரித்து வந்திருந்தாள். சமையற்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தாள். அங்கே மூன்று ஆண்கள்தான் வியர்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு காலியாக இருந்த ஒரு மேஜையில், நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

“இன்னாமே, இங்க இன்னாத்துக்கு வந்த?” என்றான் பெஞ்சமின், குரலைத் தாழ்த்தி.

“துன்றதுக்கு வந்தேன். அதுக்குத்தான கடை வெச்சிக்கினு கீறாங்க? போய் எடுத்தா.”

அவன் சோறும் மீன் குழம்பும் சங்கரா வறுவலும் கொண்டுவந்து வைத்தான். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அவளுக்கு அவன் பரிமாறியது அதுதான் முதல் தடவை. அவள் முதல் வாய் விழுங்கினாள். அவன் வயிற்றில் எதுவும் சேரவில்லை, பள்ளம் விழுந்தது. பசி என்றால் என்னவென்றே அவனுக்கு மறந்து போயிருந்தது, அது வந்து வயிற்றைக் கவ்வியபோது மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். வயிறு போட்ட சத்தத்தில் மேனேஜர் அரவிந்தன் கல்லாவிலிருந்து திரும்பிப் பார்த்தார். அது இன்றைய பசி அல்ல. எல்லோரும் தின்று முடித்தபின் அவள் சட்டியை வழித்து நின்றபடியே தின்ற நாட்களின் பசி அது. வரப்பில் புளித்துப்போன கூழின் பசி. மகளை வயிற்றில் சுமந்துகொண்டு களையெடுத்த ஐப்பசியின் பசி. அதற்கும் அடியில், அண்ணன்மார் மூவரும் கை கழுவும்வரை சுவரோரம் காத்திருந்த ஒரு சின்னப் பெண்ணின் பசி. எல்லாம் வரிசையாக வந்தன. அன்று மத்தியானம் அவனுடைய மற்ற மேஜைகளில் முப்பது பேர் தின்றது அத்தனையும் அதில் விழுந்து காணாமல் போயிற்று.

“ஏமே, நீ வயிறு ரொம்பத் துன்னதே இல்லியா?”

“யாரு கேட்டா?” என்றாள் தேவயானி. வாயில் சோறு இருந்தது.

அவன் இரண்டாம் முறை போட்டான். மூன்றாம் முறை போட்டான். அவள் நாற்காலியில் நன்றாகப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தாள். மற்ற மேஜைகளில் கூப்பிட்டவர்களை அரவிந்தனே போய்க் கவனித்தார். நாலாவது தட்டில் பெஞ்சமினுக்குப் பள்ளத்தின் அடி தட்டுப்பட்டது. ஐந்தாவதில் பாதியில் அவள் கையைக் குறுக்கே நீட்டி, “போதும்யா” என்றாள். அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து அவன் அதுவரை கேட்டதில்லை. நிரம்பிய வயிற்றோடு நிற்க முடியாமல் தரையிலேயே உட்கார்ந்து, சாப்பிட வந்த அத்தனை பேருக்கும் முன்னால் அழுதான். தேவயானி அவன் தலையில் இடது கையை வைத்தாள்.

“எவளும் இல்ல, இல்ல?”

“எவளும் இல்லமே.”

அரவிந்தன் ஒரு கிண்ணத்தில் ஐஸ்கிரீம் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். “சாப்பிடுங்கம்மா” என்றவர், கீழே உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து, “இவனுக்கு எடமிருந்தா” என்றார். அவள் அதையும் சாப்பிட்டாள்.

அதன்பின் செவ்வாய்க்கிழமைகளில் தேவயானி சமைத்தாள், பெஞ்சமின் பரிமாறினான், அவள் உட்கார்ந்து சாப்பிட்டாள், இருவருக்கும் வயிறு நிறைந்தது. முதல் மாதம் காலனியில் சிரித்தார்கள். செங்கேணி இரண்டு தடவை குழம்பு கடன் கேட்கிற சாக்கில் வந்து பார்த்துவிட்டுப் போனாள். மூன்றாவது தடவை தன் வீட்டுக்காரனையும் கூட்டிவந்து காட்டினாள். அப்புறம் அது பழகிவிட்டது. உனக்கு என்ன பிடிக்கும் என்று பெஞ்சமின் கேட்டதற்குத்தான் அவளுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மூன்று வாரம் யோசித்தாள். நாலாவது வாரம் சந்தையிலிருந்து பலாக்கொட்டையும் முருங்கைக்காயும் வாங்கிவந்து காரக்குழம்பு வைத்தாள். பெஞ்சமினுக்குச் சின்ன வயதிலிருந்தே பலாக்கொட்டை ஆகாது. கரண்டியைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தபடி நின்றான். அவள் ஒன்றைக் கடித்து மென்றாள். அவன் நாக்குக்கு அது நன்றாகத்தான் இருந்தது.