லோடே வீட்டுக் காற்று

எதிர் வீட்டு லோடேவும் நானும் சேப்ருகே துறைமுகத்தில் முப்பது வருஷம் ஒன்றாகக் கப்பல் கயிறு கட்டினவர்கள். ஒரே புகையைத்தான் குடித்தோம். ஆனால் போன வருஷம் ஊரிலேயே மோசமான காற்று அவன் ஜன்னலில்தான் என்று பேப்பரில் படம் போட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

காற்றை அளக்க ஆசைப்படும் வீடுகளுக்கு விரல் நீளக் குழாய் ஒன்று கொடுப்பார்கள். மே மாதம் முழுக்க அது தெருப்பக்க ஜன்னலில் தொங்க வேண்டும். லாரிப் புகை, கப்பல் புகை எல்லாம் சேர்ந்து பிறகு ஒரு எண்ணாக வரும்; எண் கூடினால் காற்று மோசம். அவனுக்கு நாற்பத்து நான்கு, எனக்கு முப்பத்தொன்பது. அந்த ஐந்துக்காக மேயர் என் வாசலில் காரை நிறுத்திவிட்டு அவன் வீட்டில் போய்க் காபி குடித்தார். வெள்ளிக்கிழமை உருளைக்கிழங்கு வறுவல் கடையில், “நெஞ்சைப் பாத்துக்க லோடே” என்று அவனுக்கு வரிசையில் இடம் விட்டார்கள். என் நெஞ்சு என்ன தகரமா?

எனக்கும் இந்த வருஷம் ஒரு நல்லது காத்திருந்தது. மகள் லீஸ்பெட், மூச்சிரைப்புள்ள பேரன் ஸ்டாஃபோடு இலையுதிர் காலத்தில் என் மாடிக்குக் குடிவருவதாகப் பேச்சு. மனைவி போனதிலிருந்து வீட்டில் பேச ஆளில்லை. அறைக்கு மஞ்சள் பெயின்ட் அடித்து நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். அப்படியும் புத்தி லோடே ஜன்னலை விட்டு நகரவில்லை.

இந்த மே மாதம் தினமும் காலையில் என் பழைய டீசல் வேனைக் குழாய்க்கு நேர் கீழே நிறுத்தி, அரை மணி நேரம் என்ஜினை ஓடவிட்டேன்.

“எங்கடா கிளம்பிட்ட, வன்னஸ்?” என்றான் லோடே.

“எங்கயும் இல்ல. பேட்டரி வீக்.”

“நாலு வாரமாவா?”

“உனக்கென்ன வந்துச்சு?”

செப்டம்பரில் முடிவு வந்தது. எனக்கு ஐம்பத்தெட்டு, வரைபடத்தில் கருஞ்சிவப்புப் புள்ளி. அவனுக்கு முப்பத்து மூன்றுதான். அவன் போட்ட கூச்சலில் பாதி லாரிகளைச் சுற்றுச்சாலைக்குத் திருப்பியிருந்தார்களாம். பேப்பர்காரர்கள் வருவார்கள் என்று சட்டையை இஸ்திரி போட்டு வைத்தேன். வந்தது லீஸ்பெட்டின் போன்.

“அம்பத்தெட்டாமே அப்பா. அதுல ஸ்டாஃப எப்படி வெச்சுக்கிறது? லோடே மாமா மாடி காலியா இருக்காம். பேசி முடிச்சுட்டேன்.”

“அது பொய்க் கணக்கும்மா. நான்தான் கீழ வேனை ஓட விட்டேன்.”



“அவர் மேல உங்களுக்கு எரிச்சல்னு தெரியும்ப்பா. அதுக்காக இப்படியா கதை கட்டுவீங்க?”

சனிக்கிழமை லோடே குழந்தையின் கட்டிலைத் தானே தூக்கி மாடியேற்றினான். பிறகு ஜன்னலைத் திறந்து, ஸ்டாஃபை இடுப்பில் வைத்துக்கொண்டு, “தாத்தாவுக்குக் கை காட்டு” என்றான். பையன் இருமவேயில்லை, சிரித்துக்கொண்டே கை காட்டினான். அதற்கும் எனக்கு எரிந்தது.