பேட்டரி காட்டும் பத்து வரி

காய்ச்சலில் உபைதுல்லாவுக்குக் காது கேட்காமல் போய் எட்டு மாதமாகிறது. காட்டுப்பள்ளி கப்பல் கட்டும் தளத்தில் வெல்டராக இருந்தவன். கிரேன் நகரும்போது அடிக்கும் சைரன் காதில் விழாதவனை உள்ளே விட முடியாது என்று ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள்.

அவன் மனைவி உமைமா, திருவொற்றியூரில் ஒரு சின்னக் கம்பெனியில் புரோகிராம் எழுதுகிறவள். சைரன் அடித்தால் மணிக்கட்டில் அதிரும் பட்டை ஒன்றை அவனுக்காகச் செய்தாள். அதிர்ந்தது, ஆனால் மூன்று நொடி கழித்து. அதற்குள் கிரேன் தலைக்கு மேல் வந்துவிடும். வேகத்தைக் கூட்ட ஆப்டிமைசேஷன் என்ற வசதியைப் போட்டால், அவள் எழுதியதைப் பட்டையிலுள்ள சிப்புக்குப் புரியும்படி மாற்றித்தரும் கம்பைலரே பாதியில் படுத்துக்கொண்டது. தனக்குள்ளேயே பிழை என்று ஒரு வரி காட்டும், அவ்வளவுதான்.

ஞாயிறு மத்தியானம் உபைதுல்லா டீ கொண்டுவந்து வைத்தான்.

"இன்னா, இன்னும் பேஜாரு பண்ணுதா?"

உதடு தெரியும்படி அவன் பக்கம் திரும்பிச் சொன்னாள். "தப்பு கம்பைலர்லதாங்க கீது. நான் எழுதுன எந்த எடத்துல மாட்டிக்குதுன்னு தெரிஞ்சா, சுத்திகினு போயிடலாம்."

"வுட்டுடேன். ஸ்டோர்ல ஃபேன் கீது, நெயலு கீது. நல்லாத்தான் கீறேன்."

"பொய் சொல்லாதீங்க."

அவன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

மூன்று நாளாகச் சைரனை அடையாளம் காணும் பகுதியையே குடைந்துகொண்டிருந்தாள். இப்போது ஒவ்வொரு பகுதியாக எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தாள். பேட்டரி எவ்வளவு மிச்சம் என்று காட்டும் பத்து வரியை எடுத்ததும் கம்பைலர் ஒழுங்காக முடித்தது. அவள் சந்தேகமே படாத இடம். அந்தப் பத்து வரிக்கு மட்டும் ஆப்டிமைசேஷன் வேண்டாம் என்று குறித்துத் திரும்பச் சேர்த்தாள். அதற்கு வேகம் தேவையில்லை.

பட்டையைக் கட்டிவிட்டு, சுவரைப் பார்த்து நின்று, அதிர்ந்தால் கையைத் தூக்கச் சொன்னாள். போனில் சைரனை ஒலிக்கவிட்டாள். சத்தம் எழும்போதே அவன் கை உயர்ந்தது.

திரும்பாமலே சொன்னான். "இன்னொரு தபா."

ஏழு முறை ஒலிக்கவிட்டாள். எட்டாவது முறை அவன் தோள் குலுங்குவதைப் பார்த்து, போனை வைத்துவிட்டுப் போய் அவன் முதுகில் முகத்தைச் சாய்த்துக்கொண்டாள்.

மறுநாள் இருவருமாகக் காட்டுப்பள்ளிக்குப் போய்ப் பாதுகாப்பு அதிகாரியிடம் காட்டினார்கள். அவர் இருபது முறை சோதித்துவிட்டு, துணைக்கு ஓர் ஆளோடு பழைய வேலையில் ஒரு மாதம் விட்டுப் பார்க்கலாம் என்றார்.

வரும் வழியில், பஸ்ஸிலிருந்தே, கம்பைலர் செய்கிறவர்களுக்கு அந்தப் பிழையை விளக்கி எழுதினாள். சற்று நேரத்தில் நன்றி சொல்லி எழுதிய யாரோ ஒருவர், இது என்ன கருவிக்கு என்று கேட்டிருந்தார்.

பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தவனைப் பார்த்தாள். 'என் வீட்டுக்காரருக்கு' என்று மட்டும் பதில் போட்டாள்.