குமிழி

"விரலைப் பிடிச்சு இழுக்காதீங்க அத்தை, திருகு உடைஞ்சிடும்!" என்றாள் மகள்.

"அப்பா போய்ச் சேர்ந்துட்டாரு, இவளுக்குத் திருகு கவலை" என்று அத்தை மூக்கைச் சிந்தினாள். தன் அண்ணன் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தபடியே செத்துப்போனதை அவளால் இன்னும் நம்ப முடியவில்லை. ஸ்லைடை நகர்த்தும் திருகைப் பிடித்த கை பிடித்தபடி இருந்தது.

அவர் கல்லூரி ஆய்வகத்தில் ஸ்லைடு தயாரித்து ஓய்வு பெற்றவர். மகளுக்கு ஆஸ்பத்திரி லேபில் அதே வேலை. அங்கே எல்லோரும் அவள் கையை மெச்சுவார்கள், அப்பாவைத் தவிர. ஞாயிறுதோறும் வெங்காயச் சவ்வை உரித்து, ஒரு துளி அயோடினில் பரப்பி, மேலே மெல்லிய கண்ணாடியைச் சாய்த்து இறக்கி அவர் முன்னால் வைப்பாள். பார்ப்பார். "குமிழி" என்பார். கண்ணாடிக்கு அடியில் காற்று மாட்டிக்கொண்டதாம். அத்தோடு அந்த ஞாயிறு பாழ்.

இன்றும் வைத்துவிட்டு டீ போடப் போனாள். திரும்பி வந்தபோதும் அவர் குனிந்தே இருந்தார்.

"என்னப்பா, இருக்கா இல்லையா?"

டீ டம்ளரை அவர் பக்கத்தில் வைத்தாள்.

"வாயத் திறந்தா முத்து உதிர்ந்திடுமா? ஒரே ஒரு தடவை நல்லாருக்குன்னு சொல்லுங்களேன்!"

டீ ஆறும்வரை சண்டை போட்டாள். அப்பா எப்போதுமே அப்படித்தான் என்பதால் உறைக்க நேரமாகிவிட்டது.

பக்கத்து வீட்டு டாக்டர் வந்து நாடி பார்த்து, விரல்களைப் பக்குவமாக விடுவித்து, அவரைக் கட்டிலில் கிடத்த உதவினார். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்ரோஸ்கோப்பில் குனிந்தாள்.

"அண்ணன் கடைசியா பாத்தத நானும் பாக்கணும்... ஐயோ, கறுப்பு கறுப்பா கம்பி நிக்குதுடி!"

"அது உங்க இமை முடி அத்தை."

மகளுக்குப் பார்க்கவே பயமாக இருந்தது. இனி கேட்டாலும் சொல்ல ஆளில்லை. கடைசியில் மனதைத் திடப்படுத்திக்கொண்டு குனிந்தாள்.

செல்கள் செங்கல் அடுக்கியதுபோல மஞ்சளாகக் கிடந்தன. ஒரு குமிழிகூட இல்லை. தலைகால் புரியவில்லை அவளுக்கு. அப்புறம்தான் கவனித்தாள்: அவள் நட்டநடுவில் வைத்த ஸ்லைடு ஓரமாக ஒதுங்கியிருந்தது. திருகை லேசாகத் திருப்பினாள். கல்யாண வீட்டுப் பெரியப்பா மாதிரி, கறுப்புக் கரை போட்ட கொழுத்த குமிழி ஒன்று நடுவில் வந்து உட்கார்ந்தது.

"என்னடி, குமிழியா?" என்றாள் அத்தை.

"இல்ல அத்தை. சுத்தமா இருக்கு."

அப்பா விட்ட இடத்துக்கே திருகை மெல்லத் திருப்பி வைத்தாள்.