வேப்பிலைக்கு முந்தைய இரண்டு நாள்

நவம்பர் 11, செவ்வாய்.

இன்று மாலை வகுப்பில் என் கணக்கு தப்பு. எங்கள் தெருவில் அம்மை போட்டிருக்கும் வீடுகளை, வாசலில் கட்டியிருந்த வேப்பிலையை வைத்துக் குறித்திருந்தேன். வேப்பிலை கட்டிய நாளையே தொற்றின் முதல் நாளாகவும் போட்டுவிட்டேன். புள்ளியியல் ஆசிரியர் சுந்தரராஜுலு நோட்டைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏனுங்க, வேப்பிலை கட்டுனதுக்கப்புறந்தான் கெளம்போணும்னு கிருமிகிட்ட யாராச்சும் சொல்லி வெச்சிருக்காங்களா?"

கொப்புளம் தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே அம்மை பரவத் தொடங்கிவிடும். அந்த இரண்டு நாளைச் சேர்த்ததும், தொற்றியிருக்கக்கூடியவர்கள் பட்டியலில் புதிதாக ஒரு பெயர் வந்தது. அதனால்தான் இந்தக் கதை.

1

சைத்ரா எதற்கும் பயப்படாத

[வேண்டாம். அப்படி யாரும் இல்லை.]

பீளமேட்டில் ஒரு பம்பு கம்பெனியில் வேலை பார்க்கிறாள் சைத்ரா. போன வாரம் திங்கள் மதியம், அதே தெருவில் குடியிருந்து கூட வேலை செய்யும் முத்தாத்தாளின் டப்பாவிலிருந்து தக்காளிச் சாதம் எடுத்துத் தின்றாள். மறுநாள் முத்தாத்தாளுக்குக் கொப்புளம், வாசலில் வேப்பிலை. தெருவே ஒதுங்கிக்கொண்டது. சைத்ராவும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஒழுங்கான பெண். ஒரு நாள் தாமதம், அவ்வளவுதான்.*

* ஒதுங்கும் வழக்கம் நல்லதுதான். ஆனால் ஊர் கண்ணில் படுவதைப் பார்த்து ஒதுங்குகிறது. அம்மை அதற்கு முன்பே நாலு வீடு போய்விடுகிறது. இதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை.

2

வரும் ஞாயிறன்று காரமடையில் சைத்ராவின் அக்கா பிரவீனாவுக்கு வளைகாப்பு. ஏழாம் மாதம். அக்கா, தங்கை இருவருக்குமே அம்மை வந்ததில்லை. தொற்றியிருந்தால் பத்திலிருந்து இருபத்தொரு நாளுக்குள் கொப்புளம் தெரியும். ஞாயிறு, அந்தத் தக்காளிச் சாதத்திலிருந்து பதின்மூன்றாவது நாள். கர்ப்பிணிக்கு வந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து.

"அம்மா, நான் வளைகாப்புக்கு வரலைங்க."

"ஏங்கண்ணு, உனக்கொரு தும்மல்கூட இல்லையே!"

"அதுதானுங்கம்மா பிரச்சினை."

"நல்லாருக்கறது ஒரு பிரச்சினையா? அந்தச் சாயங்கால கிளாசுக்குப் போனதுலருந்து நீ பேசறது ஒண்ணுமே வெளங்கறதில்ல. தங்கச்சி வளையல் போடலீன்னா சம்மந்தி ஊட்டுல என்ன பேசுவாங்க?"

"பேசுனா பேசிட்டுப் போறாங்க. அக்கா நல்லாருக்கோணுமுங்க."

[இவ்வளவு தைரியம் இவளுக்கு எங்கிருந்து வந்தது? அந்த வரியை அடித்துவிட நினைத்தேன். மனசு வரவில்லை.]

3

முடிவு ஒன்று: சைத்ரா போகிறாள். வளையல் போடுகிறாள். ஒன்றும் ஆகவில்லை. இப்படியும் நடக்கலாம்.

முடிவு இரண்டு: போகிறாள். இரண்டு வாரம் கழித்து அக்காவின் கழுத்தில் முதல்

[இதை எழுத மாட்டேன்.]

முடிவு மூன்று: போகவில்லை. அக்காவுக்குப் போன் செய்கிறாள். அந்தப் பக்கம் அக்கா என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கும் ஒரு அக்கா இருப்பாள்; அவள் குரலில் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

பட்டியலில் வந்த பெயர் சைத்ரா அல்ல. தக்காளிச் சாதம் தின்றவள் நான்தான். அம்மாவிடம் அவள் பேசியதை நான் இன்னும் பேசவில்லை.

நாளை, புதன்: காலை ஏழரைக்கு, அம்மா வளைகாப்புப் பேச்சை எடுப்பதற்கு முன்பே, அக்காவுக்குப் போன் செய்து வரமாட்டேன் என்று சொல்ல வேண்டும்.